படிக்கவும் காசு, போடவும் காசு: ஒரு பழைய ஆய்வும் ஒரு புதிய திட்டமும்

2017 பிப்ரவரியில் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. இந்திய ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரை வெளிவருவதற்குக் காசு கொடுக்கணுமா என்ற கேள்விதான் அதன் தலைப்பே. எழுதியவர்கள் முத்து மதன், சிவசங்கர் கிமிடி, சுப்பையா குணசேகரன், சுப்பையா அருணாசலம் ஆகிய நால்வர். இதில் அருணாசலம் திறந்த அணுகலுக்காகப் பல பத்தாண்டுகள் எழுதியும் பேசியும் வந்தவர். சென்னை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்திலும் இருந்தவர்.

மத்திய அரசின் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் வந்த பிறகு அந்தக் கட்டுரையை மறுபடி எடுத்துப் படித்தேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சில கணக்குகள் இடிக்கின்றன. கட்டுரை சொன்னதிலும் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது, திட்டத்திலும் இருக்கிறது. இரண்டு ஓட்டையும் ஒரே இடத்தில்தான் இருக்கிறது என்பது என் வாதம்.

எழுதுவதற்கு முன் நான் எங்கே நிற்கிறேன் என்று சொல்லிவிடணும். நான் பி.இ. படித்துவிட்டு மென்பொருள் வேலை பார்ப்பவன். ஆய்வு என் தொழில் இல்லை, ஆசை. எந்தப் பல்கலைக்கழகத்தின் ஐ.டி.யும் என்னிடம் இல்லை. திருத்தணி வீரட்டானேசுவரர் கோயில் அபராஜித பல்லவன் கல்வெட்டைப் பற்றியோ, பக்கத்தில் வேலஞ்சேரியில் கிடைத்த செப்பேடுகளைப் பற்றியோ ஏதாவது தேடினால் பாதி இடத்தில் கதவு சாத்தியிருக்கும். ஒரு கட்டுரைக்கு முப்பது, நாற்பது டாலர் கேட்கும். யாராவது காசு கட்டித் திறந்து வைத்த கட்டுரையைத்தான் நான் படிக்கிறேன். அதாவது, இங்கே நான் குறை சொல்லப்போகும் ஏற்பாட்டால் நேரடியாகப் பலன் அடைகிற ஆள் நான். அதை மனதில் வைத்துக்கொண்டே மேலே படியுங்கள்.

மூன்று வழி

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. பழைய ஏற்பாட்டில் வாசகர் காசு கட்டுவார் (அல்லது அவருடைய நூலகம் சந்தா கட்டும்), எழுதுகிறவருக்குச் செலவில்லை. 2002 பிப்ரவரியில் புடாபெஸ்ட் அறிக்கை வந்து, ஆய்வை எல்லோரும் இலவசமாகப் படிக்கணும் என்ற இயக்கம் வலுத்தது. அப்போது பதிப்பகங்கள் கண்டுபிடித்த வழி, வாசகரிடம் வாங்கிய காசை எழுதுகிறவரிடம் வாங்குவது. இதற்குக் கட்டுரைச் செயலாக்கக் கட்டணம் என்று பெயர். சுருக்கமாக ஏ.பி.சி. என்பார்கள்.

மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது. படிக்கவும் காசில்லை, போடவும் காசில்லை, நடத்துகிற செலவை ஒரு கழகமோ அரசோ ஏற்றுக்கொள்ளும். டயமண்ட் என்று இப்போது பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர்தான் புதுசு. சர் சி.வி. ராமன் 1934-ல் தொடங்கிய இந்திய அறிவியல் கழகத்தின் இதழ்கள் அப்படித்தான் நடக்கின்றன. திறந்த இதழ்களுக்கான உலக அடைவில் இருப்பவற்றில் மூன்றில் இரண்டு பங்கு கட்டணம் வாங்காதவைதான். ஆனால் 'ஓப்பன் அக்சஸ்' என்றதும் நம் பேராசிரியர்கள் கேட்கும் முதல் கேள்வி "எவ்வளவு சார் ஆகும்?" என்பது. அந்த அளவுக்கு ஒரு வழி மற்ற வழிகளை மறைத்துவிட்டது.

ஆய்வு சொன்னது

2010 முதல் 2014 வரை ஐந்து ஆண்டுகளுக்கான சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ் தரவை நால்வரும் அலசியிருக்கிறார்கள். இந்திய ஆய்வாளர்கள் 37,000-க்கும் அதிகமான கட்டுரைகளை 880-க்கும் மேற்பட்ட திறந்த இதழ்களில் போட்டிருக்கிறார்கள். இந்தியாவின் மொத்த வெளியீட்டில் இது 14.4%. உலக அளவில் அது 11.6% மட்டுமே. அதாவது பணக்கார நாடுகளையும் சேர்த்த உலகச் சராசரியைவிட நாம் அதிகம் திறந்து வைத்திருக்கிறோம். நல்ல சேதிதான்.

இதில் சுமார் 15,400 கட்டுரைகள் கட்டணம் வாங்கும் 488 இதழ்களில் வந்தவை. கட்டணம் 500 ரூபாயிலிருந்து 5,000 டாலர் வரை. பாதிக்கு மேல் வெறும் 13 இதழ்களில் குவிந்திருக்கிறது. 2010-ல் இப்படிக் கட்டணம் கட்டிப் போட்டது 2,557 கட்டுரை, 2014-ல் 3,634. கட்டணமில்லாத திறந்த இதழ்களில் போடுவதும் கூடியிருக்கிறது, ஆனால் மெதுவாக. இந்தியா ஆண்டுக்குச் சுமார் 24 லட்சம் டாலர் இதற்குச் செலவழிக்கக்கூடும் என்பது அவர்கள் மதிப்பீடு. அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 15 கோடி ரூபாய்.

அவர்கள் தந்த தீர்வு எளிமையானது. காசு கட்டாதீர்கள், ஏற்கப்பட்ட கைப்பிரதியை நிறுவனக் களஞ்சியத்தில் போடுங்கள், பிரேசில் 'சைலோ' என்ற பொதுத் தளம் நடத்துவது போல இந்திய இதழ்களை ஒரே தளத்தில் கொண்டுவாருங்கள்.

தீர்வில் எனக்குப் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. கணக்கில்தான்.

ஆய்வு பார்க்காத இடம்

அந்த அட்டவணைக்குள் வரும் இதழ்களை மட்டும் எடுத்தால், அந்த இதழ்களில் போடக்கூடியவர்களை மட்டும்தான் பார்க்கிறோம். ஐ.ஐ.எஸ்சி., ஐ.ஐ.டி., சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகங்கள், பெரிய மருத்துவக் கல்லூரிகள். திருவள்ளூர் மாவட்டத்துத் தனியார் பொறியியல் கல்லூரி உதவிப் பேராசிரியர் அந்தப் படத்தில் அநேகமாக இல்லவே இல்லை. அவர் காசு கட்டவில்லையா? கட்டினார். வேறு இடத்தில்.

2015-ல் 'பி.எம்.சி. மெடிசின்' இதழில் சென்யூ ஷென், போ-கிறிஸ்டர் பியோர்க் இருவரும் எழுதிய ஆய்வு ஒன்று உண்டு. ஏமாற்று இதழ்கள் என்று சொல்லப்பட்டவை 2014-ல் மட்டும் சுமார் 4,20,000 கட்டுரைகள் வெளியிட்டன என்பது அவர்கள் மதிப்பீடு. சராசரிக் கட்டணம் 178 டாலர். சந்தை மதிப்பு 7.4 கோடி டாலர். மாதிரியாக எடுத்தவற்றில் எழுதியவர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல் இந்தியர்கள்.

இப்போ நம்ம கணக்கு. 7.4 கோடி டாலரில் மூன்றில் ஒரு பங்கு சுமார் 2.5 கோடி டாலர். அதே 2014-ம் ஆண்டுக்கு, பெரிய ஆய்வகங்கள் பெரிய இதழ்களுக்குக் கட்டியதாக நால்வர் சொன்ன 24 லட்சம் டாலரைப் போல பத்து மடங்கு. அன்றைய ரூபாயில் 150 கோடி. இரண்டுமே மதிப்பீடுகள், வழிமுறை வேறு வேறு, ஷென்-பியோர்க் எண்ணை மிகை என்று சொன்னவர்களும் உண்டு. பாதியாக வெட்டினாலும் ஐந்து மடங்கு நிற்கிறது.

ஆக, கட்டணம் பற்றிய நம் பேச்சு தலைகீழாக இருக்கிறது. 'நேச்சர்' இதழ் 2021 முதல் 9,500 யூரோ வாங்குகிறது என்ற செய்தி எல்லோரையும் அதிர வைத்தது. அன்றைக்கு எட்டு லட்சம் ரூபாய்க்கும் மேல். 2023 முதல் ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை மாதம் 37,000, ஆண்டுக்கு 4,44,000. கிட்டத்தட்ட இரண்டு வருஷச் சம்பளம் ஒரு கட்டுரைக்கு. அதிர்ச்சிதான். ஆனால் அந்தத் தொகையைச் சொந்தப் பையிலிருந்து கட்டியவர் யாரையும் எனக்குத் தெரியாது. மூவாயிரம், ஐந்தாயிரம், பத்தாயிரம் என்று சம்பளத்திலிருந்து கட்டியவர்களை நிறையத் தெரியும். ரசீது கூட கேட்டிருக்க மாட்டார்கள்.

ஏன் கட்டினார்கள்? யாரும் ஏமாந்து கட்டவில்லை. பெரும்பாலோருக்கு அந்த இதழின் லட்சணம் தெரியும். 2009 விதிப்படி ஆய்வேட்டை ஒப்படைக்கும் முன் ஒரு கட்டுரையாவது இதழில் வரணும். 2010 முதல் பதவி உயர்வுக்குப் புள்ளிக் கணக்கு. கட்டுரை இருந்தால் புள்ளி, இல்லாவிட்டால் இல்லை. பாடம் நடத்தி, விடைத்தாள் திருத்தி, அட்மிஷனுக்கு ஊர் ஊராக அலைகிற ஒருவருக்கு எட்டு மாதம் காத்திருந்து மூன்று முறை திருத்தி எழுத நேரமோ ஆய்வகமோ கிடையாது. தேவையை அரசு உண்டாக்கியது, சரக்கை ஹைதராபாத்தும் மற்ற ஊர்களும் கொண்டுவந்தன. ஹைதராபாத்தின் ஓமிக்ஸ் குழுமத்தின் மேல் அமெரிக்க வணிக ஆணையம் 2016-ல் வழக்குப் போட்டு, 2019 மார்ச்சில் 5 கோடி டாலருக்கு மேல் கட்டச் சொல்லித் தீர்ப்பு வாங்கியது. வழக்குப் போட்டது அவர்கள், நாம் இல்லை என்பதைக் கவனிக்கணும்.

நம் யு.ஜி.சி. பட்டியல் போட்டது. 2017-ல் வந்த அங்கீகரிக்கப்பட்ட பட்டியலை, புஷன் பட்வர்தனும் கூட்டாளிகளும் 2018-ல் இதே கரண்ட் சயின்ஸில் ஆராய்ந்தார்கள். பல்கலைக்கழகங்கள் பரிந்துரைத்த பகுதியில் அவர்கள் அலசிய இதழ்களில் 88% தேறவில்லை. 2018 மே மாதம் 4,305 இதழ்களை யு.ஜி.சி. நீக்கியது. பிறகு 'கேர்' பட்டியல் வந்தது, 2025 பிப்ரவரியில் அதையும் கைவிட்டாச்சு. 2022 நவம்பரில் முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை கட்டாயம் என்பதை எடுத்துவிட்டார்கள், அது மட்டும் உருப்படியான காரியம். யு.ஜி.சி. உருவாகக் காரணமான 1948-49 பல்கலைக்கழகக் கல்விக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் எங்க ஊரில் பிறந்த ராதாகிருஷ்ணன். ஆசிரியர் கட்டுரையை எண்ணி எண்ணிப் புள்ளி போடும் அமைப்பாக அது மாறும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

தேர்வு என்று சொல்லலாமா?

கட்டணம் ஆய்வாளரின் தேர்வை எப்படி மாற்றுகிறது என்று கேட்டால், ஆளைப் பொறுத்து மூன்று விதமாக.

நல்ல மானியம் உள்ள ஆய்வகத்துக்குக் கட்டணம் ஒரு பொருட்டே இல்லை. காசு திட்டத்திலிருந்து போகிறது. விலை பார்க்காமல் வாங்குகிற வாடிக்கையாளர் இருக்கும் கடையில் விலை ஏறத்தான் செய்யும். 2006-ல் 'பிளாஸ் ஒன்' தொடங்கியபோது 1,250 டாலர். இன்று அந்தத் தொகைக்குப் பெயர் சொல்லும்படியான மேல்நாட்டு இதழ் கிடைப்பது கஷ்டம்.

மானியம் இல்லாத மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் நல்ல ஆய்வு செய்தால், சந்தா இதழில் போடுவார். அங்கே அவருக்குச் செலவில்லை. ஏற்றுக்கொண்டதும் ஒரு படிவம் வரும், 'திறந்து வைக்க வேண்டுமா' என்று கட்டம் இருக்கும், பக்கத்தில் இரண்டாயிரமோ மூவாயிரமோ டாலர் போட்டிருக்கும். டிக் அடிக்காமல் மூடிவிடுவார். அவர் திறந்த அணுகலுக்கு எதிரானவர் என்று கணக்கெடுப்பில் பதிவாகும். உண்மையில் அவரிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை, காசுதான் கேட்டார்கள்.

ஏழை நாடுகளுக்குச் சலுகை உண்டே என்பீர்கள். உண்டு, நமக்குக் கிடையாது. ஸ்பிரிங்கர் நேச்சர் விதிப்படி குறைந்த வருமான நாடுகளுக்கு முழு விலக்கு, அடுத்த நிலையில் உள்ள நாடுகளுக்குப் பாதி. ஆனால் அடுத்த நிலைக்கு ஒரு நிபந்தனை: நாட்டின் மொத்த உற்பத்தி 20,000 கோடி டாலருக்குக் கீழே இருக்கணும். தனிமனித வருமானத்தில் நாம் கீழே, மொத்தத்தில் மேலே. ரேஷன் கடையில் கூட்டுக்குடும்பத்தின் மொத்த வருமானத்தைக் கூட்டிப் பார்த்து அட்டையைப் பறிக்கிற கதைதான்.

மூன்றாவது ஆள் நம் தனியார் கல்லூரி ஆசிரியர். அவர் போகிற இடத்தை மேலே பார்த்தோம். அவருடைய கட்டுரை மட்டும்தான் எல்லோரும் படிக்கும்படி திறந்தே கிடக்கிறது. யாரும் படிப்பதில்லை.

இரண்டு விதமான ஜனவரி 1

2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ஒரே நாடு ஒரே சந்தாவுக்கு ஒப்புதல் தந்தது. மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி. 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 இதழ்கள், 6,300 அரசு நிறுவனங்கள், 1.8 கோடி பேர். 2025 ஜனவரி 1 முதல் நடைமுறை. திருத்தணி அரசுக் கல்லூரி மாணவருக்கும் ஐ.ஐ.டி. மாணவருக்கும் ஒரே கதவு என்பது சாதாரண விஷயமில்லை. அதைக் குறை சொல்ல மாட்டேன். தனியார் கல்லூரிகள் முதல் கட்டத்தில் இல்லை. என்னை மாதிரி ஆட்கள் எந்தக் கட்டத்திலும் வருவோம் என்று தோன்றவில்லை.

இதனுடன் ஒரு சிறு பிரிவு ஒட்டியிருக்கிறது. தேர்ந்தெடுத்த தரமான திறந்த இதழ்களில் கட்டுரை போட ஆண்டுக்கு 150 கோடி ரூபாய் மைய நிதி. செய்தித்தாள்கள் அதிகம் கண்டுகொள்ளவில்லை. எனக்கு மொத்தத் திட்டத்தில் கவலை தருவது அதுதான்.

அதே 2025 ஜனவரி 1 அன்று உலகின் இன்னொரு பக்கத்தில் கேட்ஸ் அறக்கட்டளை கட்டுரைக் கட்டணம் கொடுப்பதை நிறுத்தியது. பல ஆண்டுகள் கொடுத்துப் பார்த்துவிட்டு, இனி முன்பதிப்பாகப் போடுங்கள், கட்டணம் தர மாட்டோம் என்றது. பணத்துக்குப் பஞ்சமில்லாத அமைப்பு வெளியேறுகிற வாசல் வழியாக நாம் உள்ளே போகிறோம்.

150 கோடி என்ன செய்யும் என்று பார்ப்போம். ஒரு கட்டுரைக்கு ஒன்றரை லட்சம் என்று வையுங்கள். 10,000 கட்டுரை. இந்தியாவிலிருந்து ஆண்டுக்கு வெளிவருபவை இரண்டு லட்சத்துக்கும் மேல். ஆக நூற்றுக்கு ஐந்து. யார் அந்த ஐந்து? முறையாக விண்ணப்பம் போடத் தெரிந்த, அலுவலகப் பணியாளர் உள்ள, ஏற்கெனவே மானியம் உள்ள நிறுவனங்கள். எல்லோருக்கும் தரலாம் என்றால் 3,000 கோடி. சந்தாவுக்கே ஆண்டுக்கு 2,000 கோடிதான் ஒதுக்கியிருக்கிறார்கள். அதாவது இந்த வழியில் நியாயமாக நடக்க நம்மால் முடியவே முடியாது. நியாயமில்லாமல் நடக்கத்தான் முடியும்.

எதிர்வாதம் இருக்கிறது. நல்ல கண்டுபிடிப்பு செய்த இளம் ஆய்வாளர், காசில்லாததால் நல்ல இதழை இழக்கலாமா என்று கேட்பார்கள். கூடாதுதான். ஆனால் அந்த இதழில் சந்தா வழியாகக் காசில்லாமல் போட்டுவிட்டு, ஏற்கப்பட்ட கைப்பிரதியைக் களஞ்சியத்தில் வைக்கலாமே. அதற்கு 2014 டிசம்பரிலேயே உயிரித் தொழில்நுட்பத் துறையும் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து கொள்கை போட்டன. ஏற்கப்பட்ட இரண்டு வாரத்துக்குள் கைப்பிரதியைச் சேர்க்கணும் என்று அதில் இருக்கிறது. செய்யாதவர் மானியம் நின்றதாக நான் கேள்விப்பட்டதில்லை.

2019 பிப்ரவரியில் அன்றைய முதன்மை அறிவியல் ஆலோசகர் விஜயராகவன், ஐரோப்பாவின் 'பிளான் எஸ்' திட்டத்தில் இந்தியா சேரும் என்றார். அக்டோபரில் சேரவில்லை என்றார். அந்தப் பின்வாங்கல் எனக்குச் சரியாகவே பட்டது, ஏனென்றால் அந்தத் திட்டம் கட்டண வழியில் சாய்ந்திருந்தது. 2025-ல் சத்தமில்லாமல் அதே பக்கம் சாய்கிறோம்.

காசை எங்கே போடணும்

இங்கே நான் மென்பொருள்காரனாகக் கொஞ்சம் பேசலாம். களஞ்சியம்தான் தீர்வு என்று நால்வரும் சொன்னதில் ஒரு நடைமுறைச் சிக்கலை அவர்கள் தொடவில்லை. டி-ஸ்பேஸ், இ-பிரிண்ட்ஸ் எல்லாம் இலவச மென்பொருள். நிறுவுவது இரண்டு நாள் வேலை. பத்து வருஷம் உயிரோடு வைத்திருப்பதுதான் வேலை. ஆர்வமுள்ள ஒரு நூலகர் தொடங்குவார், அவர் ஓய்வு பெறுவார், சர்வர் பழசாகும், சான்றிதழ் காலாவதியாகும், ஒருநாள் பக்கம் திறக்காது. உள்ளே இருந்த கட்டுரைகளும் போச்சு. இதை ஒவ்வொரு கல்லூரியும் தனியாகச் செய்யச் சொல்வது, ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு நீர்த்தேக்கம் கட்டச் சொல்வது மாதிரி.

ஆய்வேடுகளுக்கு இன்ஃபிளிப்நெட் 'சோத்கங்கா' நடத்துகிறது. நாடு முழுதுக்கும் ஒரே இடம். நானே வாரம் ஒருமுறையாவது அதில் போய்த் தேடுகிறேன். அந்த மாதிரியில் கட்டுரைகளுக்கும் ஒன்று இருந்தால் போதும்.

இதழ் நடத்தும் செலவும் நாம் நினைக்கிற அளவு இல்லை. ஓப்பன் ஜர்னல் சிஸ்டம்ஸ் இலவசம். கிராஸ்ரெஃபில் ஒரு புதிய கட்டுரைக்கு அடையாள எண் பதிய ஒரு டாலர், உறுப்பினர் சந்தா தனி. மதிப்பாய்வாளருக்கு யாரும் காசு தருவதில்லை. உண்மையான செலவு நல்ல பிரதி திருத்துபவருக்கும் வடிவமைப்பவருக்கும்தான். நேச்சர் மாதிரி இதழ்கள் வருவதில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்ப முழுநேர ஆசிரியர் குழு வைத்திருப்பதால் செலவு கூடும் என்பது நியாயமான விளக்கம். ஆனால் எல்லாக் கட்டுரைக்கும் அந்த ஏற்பாடு வேண்டியதில்லை. 150 கோடியில் 300 இந்திய இதழ்களுக்கு ஆளுக்கு 50 லட்சம் கொடுக்கலாம். ஒரு இதழ் ஆண்டுக்கு நூறு கட்டுரை போட்டால் 30,000 கட்டுரை. படிப்பவருக்கும் காசில்லை, எழுதுபவருக்கும் காசில்லை. கட்டணம் கட்டுவதில் கிடைக்கும் பத்தாயிரத்துக்கு மூன்று மடங்கு.

"இந்திய இதழில் போட்டால் யார் பார்ப்பாங்க?" என்பது நிரந்தரக் கேள்வி. 1928-ல் ராமன் தன் புதிய கதிர்வீச்சைப் பற்றி மார்ச் 16 அன்று பெங்களூரில் பேசினார். அந்தப் பேச்சை அதே மாதம் 'இந்தியன் ஜர்னல் ஆஃப் பிசிக்ஸ்' அச்சிட்டது. பிரதிகளை உலக விஞ்ஞானிகளுக்குத் தபாலில் அனுப்பினார். இரண்டு வருஷத்தில் நோபல். இன்று அந்தத் தபால் வேலையை ஆர்க்கைவ் 1991 முதல் இலவசமாகச் செய்கிறது.

பணத்தை மாற்றினாலும் புள்ளி முறையை மாற்றாவிட்டால் பயன் இருக்காது என்பதையும் சொல்லணும். எத்தனை கட்டுரை என்று கேட்கிறவரை, எண்ணிக்கை விற்கும் கடை திறந்தே இருக்கும். ஐந்து ஆண்டில் சிறந்த இரண்டு கட்டுரையை மட்டும் காட்டு, அதைப் படித்துப் பார்க்கிறோம் என்று சொன்னால் கடை தானாகக் காலியாகும். படித்துப் பார்க்க ஆள் வேண்டும், அதுதான் கஷ்டம்.

எழுதுகிற நண்பர்களுக்கு

கொள்கை மாறும்வரை கையில் உள்ளதைச் செய்யலாம். அனுப்புமுன் கட்டண விவரத்தைப் பாருங்கள், ஏற்ற பிறகு அல்ல. உங்கள் இதழ் எந்தப் பிரதியை எங்கே போட அனுமதிக்கிறது என்று இணையத்தில் தேடினால் ஒரு நிமிடத்தில் தெரியும். பெரும்பாலான சந்தா இதழ்கள் ஏற்கப்பட்ட கைப்பிரதியை உடனேயோ ஆறு, பன்னிரண்டு மாதம் கழித்தோ போட விடுகின்றன. அதைப் போடாமல் விடுவது நம் சோம்பல். அந்த வேர்டு கோப்பைத் தயவுசெய்து தொலைக்காதீர்கள். யாராவது மின்னஞ்சலில் கேட்டால் அனுப்பி வையுங்கள். கேட்பவர்களில் நானும் ஒருவன், பதில் போட்டவர்களே அதிகம்.

அடுத்த குறிப்பில் தமிழ் ஆய்விதழ்களின் நிலையைப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். யு.ஜி.சி. பட்டியலில் வந்து போன தமிழ் இதழ்கள், அவை வாங்கிய கட்டணம், இன்று எத்தனை பக்கங்கள் இணையத்தில் திறக்கின்றன என்று ஒரு அட்டவணை போட்டுக்கொண்டிருக்கிறேன். பழைய இதழ்கள், கட்டணப் படிவங்கள் யாரிடமாவது இருந்தால் ஸ்கேன் செய்து அனுப்புங்கள். ஆசிரியர் பெயரை மறைத்துவிட்டு அனுப்பினால் போதும்.